முப்பத்தொன்றாவது போர்ட்

அத்தியாயம் 3

“பத்து நாளா?” என்று மச்சினன் கேட்டபோது அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

“பத்தே நாள்தான்,” என்றார் கண்காணிப்பாளர், சலுகை காட்டுகிறவர் போல. “மத்தவங்களுக்கு இருபத்திரண்டு நாள். நீங்க பன்னிரண்டாம் நாள் வந்திருக்கீங்க. பரீட்சை முடியற வரைக்கும் உள்ளே வந்தவங்க யாரும் வெளியே போக முடியாது. வாசல்ல கையெழுத்துப் போட்டீங்களே, அதுல தெளிவா எழுதியிருந்ததே.”

மச்சினன் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ரகம். பக்கத்தில் நின்ற துப்பறிவாளர் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் போட்டிருந்தார்.

“அத்தான், உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா வந்திருப்பியா மாப்ளே?”

துப்பறிவாளருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் மனுஷன் வெளியே வருவார் என்று அவருடைய மனைவியே சொல்லுவாள். அந்த மனைவியின் தம்பிதான் மச்சினன். அக்காவைக் கட்டிக்கொடுத்த கையோடு தன்னையும் உதவியாளனாகச் சேர்த்து அனுப்பிவிட்டார்கள் என்பது அவன் ஏழு வருடமாகச் சொல்லிவரும் புகார்.

அது வினாத்தாள் அச்சடிக்கும் அச்சகம். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். வேலையாட்கள் நாற்பது பேரும் உள்ளேயே தின்று உள்ளேயே தூங்கினார்கள். யாரிடமும் செல்போன் கிடையாது. வெளியே பேச ஒரே ஒரு போன், அது கண்காணிப்பாளர் அறையில். காகிதத்தை எடை போட்டு உள்ளே அனுப்பி, எடை போட்டு வெளியே எடுத்தார்கள். ஒரு கிழிசலைக்கூட யாரும் தூக்கி எறிந்துவிட முடியாது. இப்பேர்ப்பட்ட கோட்டையிலிருந்துதான் கணக்கு வினாத்தாளின் மூன்றாம் பக்கம் நேற்று முதல் ஊரெல்லாம் போன் போனாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“இனி உங்களுக்கு அதிக வேலை இருக்காது,” என்று கண்காணிப்பாளர் கதவருகே இருந்த முக்காலியைக் கண்ணால் காட்டினார். “செஞ்சது யாருன்னு ஸ்விட்ச்சே சொல்லிடுச்சு. அஞ்சு மணிக்குப் போலீஸ் வருது. தேர்வு அலுவலகம் ஒரு விசாரணை வேணும்னு சொன்னதால உங்களைக் கூப்பிட்டோம். அவ்வளவுதான்.”

முக்காலியில் உட்கார்ந்திருந்த பெண் தலை நிமிரவில்லை. அச்சகத்தின் கம்ப்யூட்டர் இணைப்புகள் எல்லாம் அவள் பொறுப்பு. அங்கே எல்லாருக்கும் அவள் ஸ்விட்ச் மேடம்.

கண்காணிப்பாளர் வெளியேறினார். கனத்த கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. மணி இரண்டரை.

நிதானம் சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். ஊரெல்லாம் சுற்றிய அதே பக்கம். மேலேயிருந்து, கொஞ்சம் சாய்வாக எடுத்தது. ஓரத்தில் மை படிந்த ஒரு கட்டைவிரல்.

“இது புரூஃப் பார்க்கிறவரோட விரல். மேஜைக்கு மேலே இருக்கிற கேமராவிலேருந்து வந்த படம். சரிதானே?”

“ஏழாம் நம்பர் கேமரா சார்,” என்றாள் ஸ்விட்ச் மேடம். “அதை யாருமே பார்க்கக்கூடாது. கண்காணிப்பாளர் சார் உட்பட. முத்திரை வெச்ச பதிவுப் பெட்டிக்கு மட்டும் போகும். பரீட்சை முடிஞ்சப்புறம்தான் பெட்டியைத் திறப்பாங்க.”

“அப்புறம் எப்படி வெளியே போச்சு?”

அவள் எழுந்து, சுவரோரம் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்த தட்டையான கறுப்புப் பெட்டியைத் தொட்டாள். இரண்டு வரிசை, வரிசைக்கு இருபத்துநாலு போர்ட். பாதியில் நீலக் கேபிள்கள் செருகியிருந்தன.

“இதுதான் ஸ்விட்ச். பத்தொன்பது கேமராவும் தன் படத்தை ஒரே ஒரு தடவைதான் அனுப்பும். எத்தனை பேர் பார்த்தாலும் அதைப் பிரதி எடுத்துக் கொடுக்கிறது இதோட வேலை. அதுக்குப் பேருதான் மல்டிகாஸ்ட். ஆனா, எந்த போர்ட் கேட்குதோ அதுக்குத்தான் கொடுக்கும். கேட்காத போர்ட்டுக்குக் கொடுக்காது.”

“எங்க அக்காவுக்கு நேர் எதிர்,” என்றான் மச்சினன். “அவ புத்திமதியைக் கேட்காதவனுக்குத்தான் முதல்ல கொடுப்பா.”

“ஏழாம் நம்பரை யார் கேட்டாலும் கொடுக்காதேன்னு எழுதி வெச்சிருக்கேன். ஆனா ஒரு குறுக்கு வழி இருக்கு. ஒரு போர்ட்டை ‘மல்டிகாஸ்ட் ரௌட்டர் போர்ட்’னு கையால குறிச்சு வெச்சுட்டா, ஸ்விட்ச் எதையும் விசாரிக்காது. எல்லாப் படத்தையும் அங்கே கொட்டிடும்.”

“வீட்டு மாப்பிள்ளை மாதிரி. வாயே திறக்க வேண்டாம், எல்லாம் தட்டுக்கு வந்துடும்.”

நிதானம் மச்சினனைப் பார்த்த பார்வையில், இந்த வீட்டு மாப்பிள்ளைக்கு அப்படி எதுவும் வந்து சேர்ந்ததில்லை என்பது தெரிந்தது.

“எந்தெந்த போர்ட் அப்படிக் குறிச்சிருக்கு?”

திரையில் இரண்டே வரி வந்தது. நாற்பத்தெட்டு, பதிவுப் பெட்டிக்குப் போவது. அது முறைப்படி இருக்க வேண்டியது. இரண்டாவது வரியில் முப்பத்தொன்று. பக்கத்தில், குறித்த நேரம்: நேற்று முன்தினம் மாலை நாலு மணி இரண்டு நிமிடம். குறித்தவர்: ஸ்விட்ச் மேடத்தின் பயனர் பெயர்.

“இது நான் செஞ்சதில்ல சார்.”

“இதுக்கு முன்னாடி வேற எதையாவது குறிச்சு அழிச்சிருந்தா தெரியுமா?”

“தெரியாது. இருக்கிறதைத்தான் காட்டும். அழிச்சதைக் காட்டாது.”

“மாப்ளே, அந்த முப்பத்தொண்ணுல என்ன கேபிள் இருக்கு, எங்கே போகுதுன்னு பாரு.”

மச்சினன் பெட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலால் எண்ணினான். மேல் வரிசை இருபத்துநாலு, கீழ் வரிசையில் இருபத்தைந்திலிருந்து ஏழாவது. “இதோ. நீலக் கேபிள்.”

“அது பதினாலு,” என்றாள் அவள். “எல்லாரும் அப்படித்தான் எண்ணுவாங்க. பழைய ஸ்விட்ச்ல அந்தக் கணக்குத்தான். போன வருஷம் நான் மாத்தின இந்தப் புது ஸ்விட்ச்ல மேல ஒண்ணு, கீழ ரெண்டு, மேல மூணு, கீழ நாலுன்னு போகும். முப்பத்தொண்ணு மேல் வரிசையில பதினாறாவது.”

மச்சினன் மேல் வரிசைக்குப் போனான். குனிந்தான். கண்ணைச் சுருக்கினான்.

“அத்தான், இதுல கேபிளே இல்ல. வெறும் துளை. உள்ளே கொஞ்சம் தூசி குடியிருக்கு.”

பத்தொன்பது கேமராவும் ஓயாமல் ஒரு வெற்றுத் துளைக்குப் படத்தைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் யாரும் இல்லை. அப்படியானால் படம் எப்படி வெளியே போனது? எதற்காக ஒருவன் வேலை மெனக்கெட்டு இதைச் செய்தான்?

நிதானம் திரும்பினார். “நேத்து முன்தினம் நாலு மணி ரெண்டு நிமிஷத்துக்கு நீங்க எங்கே இருந்தீங்கம்மா?”

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

“சொல்ல முடியாது சார்.”

“அஞ்சு மணிக்குப் போலீஸ் வருது.”

“தெரியும். எனக்குப் பதினோரு மாசத்துல ஒரு பையன் இருக்கான் சார். அதனால என்ன ஆகும்னு எனக்கு நல்லாவே தெரியும். ஆனா சொல்ல முடியாது.”

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். மச்சினனுக்குச் சட்டென்று ஒரு நகைச்சுவையும் வரவில்லை. அது அவனுக்கு அபூர்வம்.

*

அச்சுக்கூடத்தில் இயந்திரங்களை நிறுத்தியிருந்தார்கள். மை வாசனை மட்டும் நிற்கவில்லை. நிதானம் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுக் கேட்டார். முதலில் வந்தவர் பைண்டர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு, ஆனால் குழந்தையின் குரல்.

“நாலு மணிக்கு எங்கே இருந்தீங்க?”

“சாப்பாட்டுக் கூடத்துல டீ குடிச்சிட்டிருந்தேன் சார்.”

“ஸ்விட்ச் மேடம்?”

“கவனிக்கல சார்.”

புரூஃப் பார்ப்பவர் கவனிக்கவில்லை. மடிப்பு மெஷின் ஓட்டும் பெண் கவனிக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் கவனிக்கவில்லை. டீ ஊற்றிக்கொடுத்த சமையல்காரர், தான் டீயைத் தவிர எதையுமே கவனிப்பதில்லை என்றார். இப்படியே இருபது பேர் ஆனதும் மச்சினன் அத்தானின் காதருகே குனிந்தான்.

“இத்தனை பேர் சேர்ந்து ஒரு விஷயத்தைக் கவனிக்காம இருக்கணும்னா, அதுக்கு ஒத்திகை பார்த்திருக்கணும் அத்தான்.”

“ம். அந்தக் கண்ணாடிப் பக்கம் பாரு.”

கை கழுவும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடி. அதற்கு முன்னால் வரிசை நின்றது. ஒருவர் தண்ணீர் தொட்டுத் தலை சீவிக்கொண்டிருந்தார். மடிப்பு மெஷின் பெண் முகத்துக்குப் பவுடர் போட்டாள். புரூஃப் பார்ப்பவர், விரலில் மையோடு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்து வரிசையில் சேர்ந்தார்.

“பன்னிரண்டு நாளா இவங்க முகத்தை இவங்களே பார்த்துட்டிருக்காங்க,” என்றார் நிதானம். “டீ குடிக்கப் போறதுக்கு யாருக்காக இந்த அலங்காரம்?”

சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளை ஓரங்கட்டி, நாற்காலிகளை வரிசை வரிசையாக ஒரே பக்கம் பார்க்கப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் சுவரில் ஒரு டிவி.

“அது கெட்டுப் போச்சு சார்,” என்றார் சமையல்காரர், யாரும் கேட்பதற்கு முன்பே.

மச்சினன் திரையில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தான். ஒரு பொட்டுத் தூசி இல்லை. கெட்டுப்போன டிவியைத் தினமும் துடைத்து வைக்கிற மனிதர்களை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

*

இருவரும் ஸ்விட்ச் அறைக்குத் திரும்பியபோது மூன்று நாற்பது.

“நாலு மணி ரெண்டு நிமிஷத்துக்கு நீங்க சாப்பாட்டுக் கூடத்துல டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தீங்க,” என்றார் நிதானம். “நாற்பது பேரும் கூடவே இருந்தாங்க. என்ன பார்த்தீங்க?”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு, இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து அழுதாள். மச்சினன் கைக்குட்டையைத் தேடினான். கிடைக்காமல், அத்தானின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

“தினமும் நாலு மணிக்கு எல்லார் வீட்டு ஆட்களும் கேட்டுக்கு எதிர்ல வந்து நிப்பாங்க சார். பத்து நிமிஷம் நின்னுட்டுப் போயிடுவாங்க. ஜன்னல் இல்லாததால நாங்க அவங்களைப் பார்க்க முடியாது, அவங்களும் எங்களைப் பார்க்க முடியாது. ஆனா கேட் கேமராவுல எல்லாம் தெரியும். மூணாம் நாள் பைண்டர் அண்ணன் சாப்பிடாம உட்கார்ந்து அழுதார். எனக்கு மனசு கேட்கல. டிவிக்குப் போற இருபத்திரண்டாவது போர்ட்டுக்குக் கேட் கேமராவை மட்டும் சேர்த்து விட்டேன். தினமும் மூணு அம்பத்தஞ்சுக்குச் சேர்ப்பேன், போய் எல்லாரோடயும் உட்காருவேன், நாலு பத்துக்கு வந்து அழிச்சிடுவேன்.”

“தலை சீவிட்டு வர்றது?”

“அவங்க நம்மளைப் பார்க்க முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும் சார். ஆனாலும் சீவிட்டுத்தான் வருவாங்க.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நேத்து என் பையன் அவங்க அப்பா விரலைப் பிடிச்சுட்டு நின்னான். இன்னிக்கு நடப்பான்.”

“இதைச் சொன்னா நீங்க தப்பிச்சிருப்பீங்களே?”

“நான் தப்பிப்பேன். ஆனா அடைப்பு விதியை மீறினதா இந்த நாற்பது பேரையும் எழுதிடுவாங்க. இனிமே எந்த அச்சகத்துலயும் உள்ளே விட மாட்டாங்க. இவங்களுக்கு வேற தொழில் தெரியாது சார்.”

நிதானம் இரண்டு நடை நடந்தார். அந்த அறையில் அதற்கு மேல் நடக்க இடமில்லை.

“நாலு மணிக்கு அங்கே வராதவங்க யாரு?”

“காவலாளிங்க கேட்டுக்கு வெளியே இருப்பாங்க. உள்ளே இருக்கிறவங்கள்ல கண்காணிப்பாளர் சார் மட்டும்தான் வர மாட்டார். அவருக்கு இந்த விஷயமே தெரியாதுன்னு நினைச்சோம்.”

“மாப்ளே, நீ முதல்ல எந்த போர்ட்ல விரல் வெச்சே?”

“கீழ் வரிசை, ஏழாவது. பதினாலு.”

“பதினாலு எங்கேம்மா போகுது?”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். சொல் வெளியே வரும் முன்பே அவள் கண்கள் விரிந்துவிட்டன. “கண்காணிப்பாளர் சார் ரூமுக்கு.”

“பழைய ஸ்விட்ச் கணக்குல அதே இடம் முப்பத்தொண்ணு. அந்தப் பழைய கணக்கு எங்கேயாவது எழுதியிருக்கா?”

“இருக்கு சார்! எனக்கு ஏதாவது ஆயிட்டா வேணும்னு, பாஸ்வேர்டை ஒரு கவர்ல வெச்சு முத்திரை போட்டு அவர் மேஜையில வெச்சிருக்கோம். கூடவே எந்த போர்ட் எந்த ரூம்னு ஒரு வரைபடம் இருக்கும். ஸ்விட்ச்சை மாத்தினப்போ பாஸ்வேர்டு சீட்டை மாத்தினேன்.” நெற்றியில் அடித்துக்கொண்டாள். “வரைபடத்தை மாத்த மறந்துட்டேன்.”

விஷயம் புலப்பட்டுவிட்டது. கவரைத் திறந்தவன் அவள் பாஸ்வேர்டால் உள்ளே நுழைந்திருக்கிறான். அந்த வரைபடத்தைப் பார்த்துத் தன் அறைக்கு முப்பத்தொன்று என்று நம்பி அதைக் குறித்திருக்கிறான். திரையில் ஒன்றும் வரவில்லை. பிறகு புது ஸ்விட்ச்சின் கணக்கு வேறு என்று புத்தி வந்து பதினாலைக் குறித்து, டீ முடிந்து புரூஃப் பார்ப்பவர் மேஜைக்குத் திரும்பியதும் வேண்டியதை எடுத்துக்கொண்டு, அந்தப் பதினாலை மட்டும் அழித்திருக்கிறான். முதலில் செய்த தவறு வெறும் தவறுதானே என்று விட்டுவிட்டான். இந்த ஸ்விட்ச்சைத் தன் கையாலேயே மாட்டிய ஸ்விட்ச் மேடம் தூக்கத்தில்கூட அந்த எண்ணிக்கையில் தடுமாற மாட்டாள்.

அந்த நேரம் பார்த்து அறையின் உள்தொடர்பு போன் அடித்தது. பக்கத்தில் நின்ற மச்சினன் எடுத்தான். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவன் தொண்டை வரைக்கும் நிரம்பியிருந்தது.

“என்னப்பா, முடிஞ்சுதா?” என்றது கண்காணிப்பாளரின் குரல்.

“முடிஞ்சுது சார்! கண்டுபிடிச்சாச்சு! அந்த முப்பத்தொண்ணு இருக்கே, அது வந்து உங்க ரூ...”

நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் போனது போனதுதான். மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டது. பிறகு இவர்களுடைய கதவில் ‘டக்’கென்று ஒரு சத்தம்.

மச்சினன் ஓடிப்போய்க் கதவை இழுத்தான். அது அசையவே இல்லை.

“காந்தப் பூட்டு,” என்றாள் அவள் மெதுவாக. “அவர் மேஜையிலேருந்து பூட்டலாம்.”

மூன்று ஐம்பது. இனி நடக்கப்போவது மச்சினனுக்குப் படம் பிடித்தாற்போல் தெரிந்தது. அஞ்சு மணிக்குப் போலீஸ் வரும். ஸ்விட்ச் மேடத்தை அழைத்துப் போகும். கவருக்குள் வேறு வரைபடம் இருக்கும். இவர்கள் இருவரும் போன் இல்லாமல் பத்து நாள் இந்தச் சுவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு வெளியே வந்து சொல்வதை எவன் நம்புவான்? அத்தான் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் பாட்டுக்குக் கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அவனைக் கொன்றது.

“என் வாயைத் தைக்கணும் அத்தான்.”

“தைக்கலாம். முதல்ல வெளியே போவோம். இந்தப் பூட்டுக்குக் கரண்ட் போச்சுன்னா என்னம்மா ஆகும்?”

“விட்டுடும். ஃபியூஸ் வெளியே தாழ்வாரத்துல இருக்கு.”

“எலெக்ட்ரீஷியனும் வெளியேதான் இருக்கார்,” என்று மச்சினன் முனகினான். முனகிய வாய் அப்படியே நின்றது. கதவுக்கு மேலே, மூலையில், ஒரு கேமரா அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. “மேடம்! இது எத்தனாம் நம்பர்?”

“பத்தொன்பது.”

“இதை அந்த டிவிக்கு அனுப்ப முடியுமா? இப்போ எல்லாரும் அங்கே வந்து உட்கார்ற நேரம்தானே?”

அவள் கை தானாகவே விசைப்பலகைக்குப் போனது. பிறகு தயங்கியது.

“டிவிப் பெட்டி ஒரு நேரத்துல ஒரு படத்தைத்தான் காட்டும். இது போகணும்னா கேட் கேமரா போக முடியாது.”

மூன்று பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்று ஐம்பத்தாறு. கேட்டுக்கு எதிரே இந்நேரம் ஆட்கள் வந்து சேர்ந்திருப்பார்கள். ஒரு சின்னப் பையனைத் தரையில் இறக்கி விட்டிருப்பார்கள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தும் தைரியம் யாருக்கும் இல்லை.

அவள் தட்டினாள். இருபத்திரண்டாவது போர்ட்டில் பத்தொன்பதாம் கேமரா. ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு கடைசி விசையை அழுத்தினாள்.

அடுத்த சிக்கல் காகிதம். அந்த அறைக்குள் காகிதம் கொண்டுவரவே அனுமதி இல்லை. கையில் இருந்த ஒரே ஒரு படத்தின் பின்பக்கம் உள்ளங்கை அளவுதான். மச்சினன் தன் புத்தம்புது வெள்ளைச் சட்டையைக் கழற்றினான். கேபிளுக்குப் பெயர் எழுதும் தடித்த பேனாவால் அதன் முதுகில் எழுதினான்: கதவு ஃபியூஸைப் பிடுங்கு.

“அக்கா எடுத்துக் கொடுத்த சட்டைடா அது,” என்றார் நிதானம்.

“நீங்க சொல்லாத வரைக்கும் அவளுக்குத் தெரியாது. அதான் உங்களுக்குச் சொல்லாம இருக்கிறது கைவந்த கலையாச்சே.”

பனியனோடு நாற்காலி மேல் ஏறிச் சட்டையைக் கேமராவுக்கு நேராக விரித்துப் பிடித்தான். குளிர்சாதனக் காற்று முதுகில் அறைந்தது. நாலு மணி ஆயிற்று. நாலு இரண்டு. கை நோக ஆரம்பித்தது. கூடத்தில் யாராவது டிவியைப் போட்டார்களா? மேடம் இங்கே அடைபட்டிருக்கும்போது, இன்றைக்கு எதுவும் வராது என்று எல்லாரும் எழுந்து போயிருந்தால்? இந்தப் பக்கத்திலிருந்து எதுவுமே தெரியவில்லை. பார்க்க முடியாதவர்களுக்காக வந்து நிற்பது எப்படி இருக்கும் என்று கேட்டுக்கு எதிரே நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். இப்போது அவனுக்கும் தெரிந்தது.

நாலு ஏழு.

‘டக்.’

கதவு தானாக விரல் அளவு திறந்தது. பிறகு பைண்டரின் தோள் அதை முழுக்கத் திறந்தது. அவருக்குப் பின்னால் தாழ்வாரம் நிறைய ஆட்கள், படிய வாரிய தலைகளோடு. எலெக்ட்ரீஷியன் கையில் ஃபியூஸ்.

“எங்க வீட்டு ஆளுங்க வருவாங்கன்னு பார்த்தோம்,” என்றார் பைண்டர், மச்சினனை மேலும் கீழும் பார்த்து. “நீங்க வந்தீங்க. பனியனோட.”

*

கண்காணிப்பாளர் ஓடவில்லை. ஓட அந்தக் கட்டடத்தில் எங்கே இடம்? கவரிலிருந்த பழைய வரைபடத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அறைக்குள் நின்றுகொண்டிருந்தார். கொளுத்தினால் புகை மணி அலறும். கழிப்பறைக் குழாயில்கூடச் சல்லடை உண்டு. நறுக்கும் இயந்திரம் எடை காட்டாமல் காகிதத்தை வாங்காது. ஒரு துண்டுக் காகிதம்கூடத் தொலையாதபடி அத்தனை ஏற்பாட்டையும் செய்தவரே அவர்தான். கடைசியில் காலுறைக்குள் மடித்துச் செருகியிருந்தார். அதில் தெளிவாக இருந்தது: கண்காணிப்பாளர் அறை, 31.

“பையன் மூணாவது தடவையா எழுதறான்,” என்றார். “எழுதற பிள்ளை இருக்கிறவங்க இந்த வேலைக்கு வரக்கூடாது. மறைச்சுட்டேன். திரையை இந்த ரூம் போன்லயே படம் பிடிச்சு, அவன் ஒருத்தனுக்கு மட்டும்னுதான் அனுப்பினேன். அவன் யாருக்கோ அனுப்பிட்டான். டீ நேரத்து விஷயம் எனக்கு நாலாம் நாளே தெரியும். இந்தம்மா வாயைத் திறக்கவே மாட்டாங்கன்னும் தெரியும்.”

மச்சினனுக்கு அந்த மனிதரைத் திட்டத் தோன்றியது, பாவமாகவும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக எப்படிச் செய்வதென்று தெரியாமல் சட்டையை மாட்டிக்கொண்டான்.

அந்த அறையின் போனில் நிதானம் தேர்வு அலுவலகத்திடம் பேசினார். வைத்துவிட்டு வந்தபோது முகம் தெளியவில்லை.

“கணக்குக்கு மாற்று வினாத்தாள் வரும். அவரைப் போலீஸ் கூட்டிட்டுப் போகும். ஆனா ஸ்விட்ச்ல இருக்கிறது இந்தம்மாவோட பேரு. அவங்களும் உடந்தை இல்லைன்னு எப்படி நம்புறதுன்னு கேட்கிறாங்க. நாலு மணி ரெண்டு நிமிஷத்துக்கு எங்கே இருந்தாங்க, எழுத்துல சாட்சி வேணுமாம். இல்லைன்னா அஞ்சு மணிக்கு ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போவாங்க.”

“வேண்டாம் சார்,” என்றாள் ஸ்விட்ச் மேடம் அவசரமாக. “எதையும் எழுதாதீங்க. நான் போயிட்டு வந்துடறேன்.”

எழுதினால் டிவி வெளியே வரும். டிவி வந்தால் பார்த்தவர்கள் பெயர் வரும். தாழ்வாரத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரவர் வீடு அவரவர் கண் முன்னால் வந்து நின்றது என்பது முகங்களில் தெரிந்தது. நிதானம் யாரையும் வற்புறுத்தவில்லை. கண்காணிப்பாளரின் மேஜையில் இருந்த நோட்டைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, காத்திருந்தார்.

பைண்டர் முன்னால் வந்தார்.

“எழுதிக்கோங்க சார். நாலு மணி ரெண்டு நிமிஷத்துக்கு மேடம் சாப்பாட்டுக் கூடத்துல டிவி பார்த்துட்டிருந்தாங்க. நானும் பார்த்தேன். என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தாங்க.”

கையெழுத்துப் போட்டார். புரூஃப் பார்ப்பவர் அவரை நகர்த்திவிட்டு வந்தார். “என் பக்கத்துல சார்.” போட்டார்.

மடிப்பு மெஷின் பெண் வந்தாள். “என் பக்கத்துல.”

“இருங்க, இருங்க,” என்றான் மச்சினன். “ஒரு ஆளுக்கு ரெண்டு பக்கம்தான் உண்டு. மூணாவதா எங்கே உட்கார்ந்தீங்க?”

“என் பக்கத்துலதான்,” என்றாள் அவள் அழுத்தமாக, கையெழுத்துப் போட்டுவிட்டு.

ஸ்விட்ச் மேடம் எலெக்ட்ரீஷியன் பக்கத்திலும் உட்கார்ந்திருந்தாள். கடைசி வரிசைக்காரர்கள் பக்கத்திலும் முதல் வரிசைக்காரர்கள் பக்கத்திலும் உட்கார்ந்திருந்தாள். நின்றுகொண்டே டீ ஊற்றிய சமையல்காரர் பக்கத்திலும் அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். இந்தச் சாட்சியத்தை எந்த நீதிமன்றம் கேட்டாலும் சிரிக்கும் என்று மச்சினன் சொல்ல வாயெடுத்து, ஸ்விட்ச் மேடத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான். அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஒரு காற்புள்ளி தவறினால்கூடப் பக்கத்தைக் கிழித்துத் திரும்ப எழுதுகிற நிதானம், குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. தலை குனிந்து, வேகமாக, நாற்பது தடவையும் ‘என் பக்கத்தில்’ என்றே எழுதினார்.